பச்சைக்கு நான் அறுத்த செடி

பச்சையில் பனிக்கட்டி போட்டுக் குடிப்பவனை நான் நம்புவதில்லை. உங்கள் அலமாரியில், கோப்புகளுக்குப் பின்னால், பச்சை மது ஒரு பாட்டில் இருப்பதைப் பார்த்தேன். எப்படிக் குடிப்பீர்கள் என்று கேட்டதற்கு, பனிக்கட்டி போட்டு என்றீர்கள். அதற்குப் பிறகுதான், உங்களிடம் வாயால் சொல்வதைவிட எழுதிக் கொடுப்பது மேல் என்று முடிவு செய்தேன்.

பனியில் சறுக்கி விளையாட வரும் பட்டணத்துக்காரர்கள் அதைச் சூடான சாக்லேட்டில் ஊற்றிக் குடிக்கிறார்கள். குளிருக்கு நல்லதுதான், ஆனால் அது சாக்லேட் குடிப்பது, பச்சை குடிப்பது இல்லை. பாலாடைக்கட்டியை உருக்கி வயிறு முட்டத் தின்ற பிறகு சின்னக் கிளாஸில் ஒரு வாய் குடிக்கலாம். காபி குடித்து முடித்த கோப்பை ஆறுவதற்குள் அதில் ஒரு விரற்கடை ஊற்றிச் சுழற்றி, பாதியை மூக்காலும் மீதியை வாயாலும் குடிக்கலாம். எல்லாவற்றிலும் நல்லது, ஒரு கட்டிச் சர்க்கரையை அதில் நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது. கரைகிற வரை பேசக் கூடாது. அவசரப்படாதவனுக்கு அதில் உள்ள செடிகள் ஒவ்வொன்றாக வந்து முகம் காட்டிவிட்டுப் போகும். என் செடி கடைசியில் வரும். எல்லாம் தொண்டைக்குக் கீழே இறங்கிய பிறகு, மூச்சை வெளியே விடும்போது.

என் பெயர் அந்தெல்ம் மொலாரே. வயது எழுபத்திரண்டு. மூன்று குளிர்காலம் பள்ளிக்கூடம் போனேன், மற்ற நாளெல்லாம் ஆடு மேய்த்தேன். தட்டச்சு செய்பவரிடம் சொல்லுங்கள், அவர் அழகாக அடித்துக் கொடுப்பார் என்றீர்கள். அழகாக அடித்தால் அது என் பேச்சாக இருக்காது. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும்.

எங்கள் கோம்ப்நுவார் ஊருக்கு மேலே, ஏறினால் இரண்டு மணி நேரத்தில் மடம். வெள்ளை அங்கித் துறவிகள். அவசியம் இல்லாமல் பேச மாட்டார்கள். பச்சையைக் காய்ச்சுவது அவர்கள்தான். அதில் எத்தனை செடி என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, தெரியும் என்று காபிக் கடையில் சத்தியம் செய்பவனுக்கும் தெரியாது. முழுவதும் தெரிந்தவர்கள் மடத்தில் இரண்டே துறவிச் சகோதரர்கள். செடி கொண்டுவந்து கொடுப்பவர்கள் பல ஊர்க்காரர்கள். ஒருவன் கொண்டுவருவது மற்றவனுக்குத் தெரியக் கூடாது. அதனால் சாக்கின் மேல் பெயர் கிடையாது, எண் மட்டும். என் எண் பதினேழு.

நாற்பத்தோரு வருஷம் அந்த எண்ணைச் சுமந்திருக்கிறேன். ஜூன் கடைசியில், ஒரே ஒரு பாறைச் சரிவில், பனி உருகிய ஈரம் காய்வதற்குள் அறுக்க வேண்டும். காய வைத்து மடத்து வாயிலில் கொடுக்க வேண்டும். அங்கே சகோதரர் எலுவா வாங்கிக்கொள்வார். சாக்கில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு, அந்தெல்ம்" என்பார். வருஷத்துக்கு ஒரு தடவை அந்த இரண்டு வார்த்தை. பேசாத மனிதர் பேசுகிற வார்த்தைக்கு எடை அதிகம்.

அந்தச் செடியின் பெயரை இதில் எழுத மாட்டேன். நடந்ததை எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். செடியை எழுதச் சொல்லவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பதினோரு ஆடு, கல் வீடு, சரிவில் கொஞ்சம் புல். ஆனால் காபிக் கடைக்கு வெளியூரான் எவனாவது வந்தால், கடைக்காரர் குனிந்து அவன் காதில் ஏதோ சொல்வார். அவன் திரும்பி என்னைப் பார்ப்பான். ஊரில் என்னை 'பச்சையைச் சுமக்கிறவர்' என்பார்கள். நான் காதில் விழாதது போல இருந்துகொள்வேன்.

குளோவிஸ் ராவியே என் தங்கை ஸெலியின் புருஷன். நல்ல மனிதன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவனிடம் எனக்கு ஏதோ பகை என்று உங்கள் ஆள் ஒருவர் கேள்வி கேட்டார். பகை கிடையாது. முப்பது இலையுதிர்காலம் அவனும் நானும் சேர்ந்து மலையில் ஜென்ஷியன் வேர் தோண்டியிருக்கிறோம். கசப்பு மது செய்கிறவர்கள் வாங்கும் வேர் அது. ஆள் உயரக் கடப்பாரையைப் போட்டு மிதித்து, ஆழத்திலிருந்து பிடுங்க வேண்டும். இடுப்பு போய்விடும். அவன் வாய் மட்டும் ஓயாது. பாடுவான், பாதிரியாரைப் போல நடித்துக் காட்டுவான், என்னைப் போலவும் நடித்துக் காட்டுவான்.

தோண்டக் கற்றுக் கொடுத்தவன் நான். முதல் நாளே சொன்னது, இலையைப் பார். ஜோடி ஜோடியாக எதிரெதிரே நின்றால் ஜென்ஷியன். ஒன்று விட்டு ஒன்றாகத் தண்டைச் சுற்றி ஏறினால் அது வெராத்ர். தொடாதே. இரண்டும் ஒரே மேய்ச்சல் நிலத்தில், தோளோடு தோள் உரசிக்கொண்டு வளரும். வருஷத்துக்கு ஒரு பட்டணத்துக்காரனாவது மாற்றிப் பிடுங்கி, வீட்டில் ஊற வைத்துக் குடித்து, ஆஸ்பத்திரிக்குப் போவான். சிலர் ஆஸ்பத்திரி வரை போவதில்லை.

இன்னொன்றும் கற்றுக் கொடுத்தேன். தோண்டுகிறவன் இன்னொரு தோண்டுகிறவனுக்கு வேர் கொடுத்தால், வாங்குபவன் அதை அவன் முன்னால் முகர்ந்து பார்க்கக் கூடாது. அது, உனக்குச் செடி தெரியாது என்று அவன் முகத்துக்கு நேரே சொல்வது. எங்கள் பக்கத்தில் அதற்காகப் பேச்சுவார்த்தையை நிறுத்திய குடும்பங்கள் உண்டு.

எங்களிடம் வீட்டுக்கு வீடு சாராயத்தில் ஏதாவது ஒரு செடி ஊறிக்கொண்டிருக்கும். நாற்பது காம்பு, நாற்பது கட்டிச் சர்க்கரை, நாற்பது நாள் என்று குழந்தைகூடச் சொல்லும். குளோவிஸுக்கு அது போதவில்லை. அவனுக்குப் பச்சை வேண்டும். ஒன்பது வருஷமாக அடுப்படி அலமாரியில் ஜாடி ஜாடியாக ஊற வைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றையும் எனக்குக் கொடுப்பான். நான் ஒரு வாய் குடித்துவிட்டு, குதிரைக்குக் கொடு என்பேன். சிரிப்பான். ஒன்பது வருஷம் அப்படி நன்றாகத்தான் போனது.

இந்த மார்ச் மாதம் ஒரு மத்தியானம் அழைத்தான். மேசைமேல் இரண்டு கிளாஸ்.

"வா மச்சான், உக்காரு. ஒண்ணு மடத்தோடது, ஒண்ணு என்னோடது. எது எதுன்னு சொல்லு பாப்போம்."

"வெளையாட எனக்கு நேரமில்ல."

"நேரமில்லாத ஆளு எதுக்கு இம்புட்டு தூரம் எறங்கி வந்த? குடி, குடி. விஷமா வெச்சிருக்கேன்?"

குடித்தேன். இரண்டையும் குடித்தேன். அவசரப்படாமல், மூச்சை விட்டுப் பார்த்துத்தான் சொன்னேன். இடது பக்கம் இருப்பது மடத்தோடது என்று.

முதலில் சிரித்தவள் ஸெலி. அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். "அண்ணே, அது இவரோடது."

"நாக்குலயே மடத்தக் கட்டி வெச்சிருக்கிற ஆளு ஏமாந்துட்டாரே" என்றான் குளோவிஸ். மேசையைத் தட்டினான். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சந்தோஷம் அவனுக்கு.

"என் செடிய எங்க அறுத்த?" என்று கேட்டேன். அந்தச் சரிவு எனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"உன் செடியா? அது இதுல இல்லவே இல்ல, மச்சான்."

"பொய் சொல்லாத."

"ஏன் பொய் சொல்லணும்? உன் சாக்கு ஓரத்துல சிந்துனத எடுத்துட்டுப் போய் மூணு தடவ போட்டுப் பாத்தேன். போட்டாக் கெட்டுப் போகுது. நனைஞ்ச வைக்கோல் வாசன அடிக்குது. எடுத்துட்டேன், சரியாப் போச்சு." என் முகத்தைப் பார்த்தான். "நாப்பது வருஷமா சாமியாருங்க உன்கிட்ட வாங்கி என்ன பண்றாங்கன்னு எனக்குத் தெரியல. கழுதைக்குப் போடுறாங்களோ என்னமோ."

"வாய மூடுங்க" என்றாள் ஸெலி. ஆனால் அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"அட, கோவிச்சுக்காத மச்சான். சிரிப்புக்குச் சொன்னேன். இரு, இன்னொண்ணு சொல்றேன். நம்ம பொண்ணு ஓடிலுக்கு அக்டோபர்ல கல்யாணம் இல்ல? சாப்பாடு முடிஞ்சதும் எல்லாருக்கும் இதே மாதிரி ரெண்டு ரெண்டு கிளாஸ். எது எதுன்னு சொல்லச் சொல்லுவேன். ஊரே திணறட்டும். அப்பறம் எந்திரிச்சு, இதுல எது இருக்கு, எது இல்லன்னு சொல்லுவேன். உன்னப் பக்கத்துல நிக்க வெச்சுக்கிட்டுத்தான்."

நான் தொப்பியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அது எனக்கு வலித்தது என்று எழுத வேண்டாம். நான் நினைத்தது மடத்தைப் பற்றி. ஓடில் கட்டிக்கொள்ளப் போகும் பையனின் வீட்டார் லியோன்காரர்கள். லியோன்காரர்கள் எதையும் விற்பார்கள். கல்யாணத்துக்கு அறுபத்தேழு பேர். அறுபத்தேழு பேர் முன்னால் ஒருவன் எழுந்து நின்று பச்சையைப் பிரித்துப் பரப்பினால், பேசாமல் இருந்து இத்தனை தலைமுறை காத்ததெல்லாம் என்ன ஆவது? யாராவது ஒருவர் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா. துறவிகளால் முடியாது. அவர்கள் கொசுவைக்கூட ஊதித்தான் விடுவார்கள்.

ஜூலையில் சாக்கைக் கொடுக்கப் போனபோது சகோதரர் எலுவாவிடம் கேட்டேன். வழக்கமில்லைதான், ஆனாலும் கேட்டேன். "பிரதர், யாராவது பச்சையக் கண்டுபுடிச்சிட்டா என்ன பண்ணுவீங்க?"

அவர் சிரித்தார். "இதுவரைக்கும் நெறையப் பேரு கண்டுபுடிச்சிட்டாங்க, அந்தெல்ம். எல்லாரும் நல்லாருக்கட்டும்" என்றார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மனதில் பெரிய கவலை உள்ளவர் சிரிக்கிற சிரிப்பு அது. அவர் வாய் விட்டுக் கேட்க முடியாததை நான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆகஸ்டு கடைசியில் குளோவிஸ் என் வீட்டுக்கு ஏறி வந்தான். கையில் தடி. இடுப்பு பிடித்துக்கொண்டு அந்த வருஷம் அவனால் தோண்டப் போக முடியாத நிலை.

"மச்சான், கல்யாண ஜாடிக்குக் கொஞ்சம் வேர் பத்தல. சீவுன ஜென்ஷியன் இருந்தா ஒரு பொட்டலம் குடு."

"உன் சரக்குல ஜென்ஷியன் வேற போடுறியா?"

"கொஞ்சூண்டு. அதுதான் அடில நிக்கும். யார்கிட்டயும் சொல்லிடாத, நீ ஊமைன்னுதான் உன்கிட்ட சொல்றேன்."

என் பரணில் இரண்டு சாக்கு இருந்தன. ஒன்று ஜென்ஷியன். மற்றது வெராத்ர். அதை ஏன் வைத்திருந்தேன் என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். ஆட்டுப் பேனுக்கு அந்த வேரைக் காய்ச்சித் தடவுவது எங்கள் வழக்கம். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். முழு வேராக இருந்தால் பச்சைப் பிள்ளைகூட அடையாளம் சொல்லிவிடும். சீவிக் காய வைத்துவிட்டால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. மூக்குக்குத்தான் தெரியும்.

பரணில் ஏறி, பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். எந்தச் சாக்கிலிருந்து என்று நீங்களே இப்போது சொல்வீர்கள்.

அவன் வாங்கினான். எடை பார்ப்பது போலக் கையில் ஒரு தடவை தூக்கிப் போட்டுப் பிடித்தான். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை, மூக்குப் பக்கம் கொண்டுபோகவில்லை. நேராகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மரியாதை தெரிந்தவன்.

இதிலும் ஒன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நான் அவனுக்கு இடம் கொடுத்தேன். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனேன். தேவைக்கு மேல் மெதுவாகப் போனேன், மெதுவாக வந்தேன். நான் இல்லாதபோது முகர்ந்து பார்த்தால் அது குற்றமில்லை. அவன் பாறைமேல் உட்கார்ந்து ஆட்டுக்குட்டியிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். பொட்டலம் பையிலேயே இருந்தது. அப்படிப் பார்த்தால், பாதி முடிவை அவனே எடுத்தான்.

ஜாடி ஒரு மாதம் ஊறியது. அந்த ஒரு மாதத்தில் எந்த நாளும் நான் இறங்கிப் போய், பொட்டலம் மாறிவிட்டது, கீழே கொட்டு என்று சொல்லியிருக்கலாம் என்றீர்கள். சொல்லியிருக்கலாம். அவன் முன்கூட்டிச் சுவைத்துப் பார்க்காமல் நேராகக் கல்யாணத்தில் அறுபத்தேழு பேருக்கும் ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்டீர்கள். அதை நானும் யோசித்தேன். ஒரு சாயங்காலம் அதைப் பற்றியே உட்கார்ந்து யோசித்தேன். பிறகு பால் கறக்க நேரமாகிவிட்டது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. பூசை முடிந்து வெளியே வந்ததும் குளோவிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். இன்று ஜாடியைத் திறக்கிறேன், நீ இல்லாமல் திறக்க மாட்டேன் என்றான். போகாமல் இருந்தால் ஒரு மாதிரி இருக்கும் என்று போனேன். ஸெலி முயல் கறி சமைத்திருந்தாள். நன்றாக இருந்தது. சாப்பிட்டோம். அவனும் ஸெலியும் ஓடிலும் நானும். ஓடிலுக்கு இருபத்து மூன்று வயது. கல்யாண உடுப்பின் அளவு சரியில்லை என்று சாப்பாடு முழுக்க அம்மாவும் பெண்ணும் பேசிக்கொண்டார்கள்.

குளோவிஸ் வடிகட்டிய பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். நிறம் அருமையாக வந்திருந்தது. என் கிளாஸுக்குச் சாய்த்தபோது நான் அதைக் கையால் மூடிக்கொண்டேன்.

"இனிமே மடத்துச் சரக்கத் தவிர வேற தொடமாட்டேன்னு நேர்ந்துக்கிட்டேன்."

"பாத்தியா ஸெலி, உங்கண்ணனுக்கு இன்னும் கோவம் தீரல. சரி, சாமியாரு சரக்கே குடி." எனக்கு மடத்துப் பாட்டிலிலிருந்து ஊற்றினான். ஸெலி குடிப்பதில்லை, வயிற்றுக்கு ஆகாது. தன் கிளாஸை ஒரே மூச்சில் குடித்தான். முகத்தைச் சுளித்தான்.

"கசப்பு தூக்கலா இருக்கே. வேர் ஜாஸ்தியாயிடுச்சோ?"

"புது வேரு. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"அப்படியா?" இன்னொரு கிளாஸ் ஊற்றினான். நான் சொன்னால் அவன் நம்புவான். அதையும் பாதி குடித்துவிட்டு, எங்கே தப்பு என்று கண்ணை மூடி யோசித்தான். "மச்சான், நாக்கு மரத்துப் போகுது. ஒரிஜினல விட நம்மளோடது பலமா இருக்கும் போல."

அப்போதுதான் ஓடில் நாற்காலியை அப்பாவின் பக்கம் இழுத்துப் போட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்பாவின் கிளாஸில் சர்க்கரையை நனைத்துத் தின்பவள்.

"மாமா, அந்தச் சர்க்கரைய இப்படித் தள்ளேன்."

சர்க்கரைக் கிண்ணம் என் கைக்கு அருகில் இருந்தது. தள்ளினேன்.

வாயால் சொன்னபோது இந்த இடத்தில் நீங்கள் பேனாவைக் கீழே வைத்தீர்கள். நான் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? கட்டிச் சர்க்கரை எவ்வளவு குடித்துவிடும்? அதையும் நினைத்தேன். இரண்டு கட்டி எடுத்தாள். முதல் கட்டிக்கே, "ஐயய்ய, என்னப்பா இது, கஷாயம் மாதிரி" என்றாள். ஆனாலும் அப்பாவின் முகம் வாடக் கூடாது என்று இரண்டாவதையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

ஆடு காத்திருக்கும் என்று சொல்லி எழுந்தேன். ஸெலி கொஞ்சம் கறியைத் துணியில் கட்டிக் கொடுத்தாள்.

நாலாவது ஆட்டைக் கறந்துகொண்டிருந்தபோது மலைப்பாதையில் ஸெலி ஓடி வந்தாள். ஒரு காலில் செருப்பில்லை. "அண்ணே, அவரு வாந்தி எடுத்துட்டே இருக்காரு, நெஞ்சு சரியாத் துடிக்கல, சில்லுன்னு ஆயிட்டாரு, ஓடிலுக்கும் வருது, வாண்ணே, வா" என்றாள். கறந்த பாலை ஓரமாக வைத்துவிட்டு வந்தேன். மருத்துவர் கீழே டவுனிலிருந்து வர வேண்டும். அவர் வருவதற்குள், பொழுது சாயும் முன்பே, குளோவிஸ் போய்விட்டான். ஓடிலைக் கிரெனோபிள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறு நாள் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள்.

உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரி ஜாடியைப் பரிசோதனைக்கு அனுப்பினார். வெராத்ர் என்று வந்தது. குளோவிஸ் வேரை மாற்றித் தோண்டிவிட்டான் என்று எழுதி மூடிவிட்டார்கள். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. முப்பது வருஷம் தோண்டியவன், நான் பழக்கியவன், இலை தெரியாமல் செத்தான் என்று கடையில் பேசினார்கள். ஒருவன், கிழவனுக்குக் கண் போயிருக்கும் என்றான். நான் எழுந்து, அவனுக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் பேருக்காக அவ்வளவு செய்தேன்.

ஓடிலின் கல்யாணத்தை ஏப்ரலுக்குத் தள்ளி வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் என் வீட்டுக்கு ஏறி வந்தாள். பாதி வழியில் இரண்டு தடவை உட்கார்ந்து வந்ததாகச் சொன்னாள். "மாமா, கோயிலுக்குள்ள என்னக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக அப்பா இல்ல. நீதான் வரணும்" என்றாள். சரி என்றேன். தாய்மாமன் இருக்கும்போது வேறு யார் செய்வது? கறுப்புக் கோட்டைக்கூட வெயிலில் போட்டேன். நான் மனச்சாட்சி இல்லாதவன் என்று எழுதுபவர் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

சாக்கில் இடம் இல்லாமல் மீந்த செடி கொஞ்சம் வீட்டில் இருந்தது. நவம்பரில் அதை எடுத்துக்கொண்டு மடத்துக்குப் போனேன். அன்று சகோதரர் எலுவா சாக்கில் கையை விடவில்லை. வாயிலுக்கு வெளியே வந்து என் தோளைத் தொட்டார்.

"உன் மச்சானுக்காகப் பூசை வெச்சோம், அந்தெல்ம். உன் தங்கச்சிகிட்ட சொல்லு."

இத்தனை நாள் தனியாகச் சுமந்ததை அவரிடமாவது இறக்கி வைக்கலாம் என்று தோன்றியது. "இனிமே பயமில்ல, பிரதர். அவன் கண்டுபுடிச்சது அவனோட போயிடுச்சு. நான் பாத்துக்கிட்டேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. புரியும்படி சொன்னேன். பொட்டலம், ஜாடி, சர்க்கரை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கல் படியில் உட்கார்ந்தார்.

"யாரு உன்னக் கேட்டா?" என்றார்.

"நீங்க கேக்க முடியாது. எனக்குத் தெரியும்."

"அந்தெல்ம், நல்லாக் கேட்டுக்கோ. பச்சையில என்ன இருக்குன்னு நான் சொல்லக் கூடாது. என்ன இல்லன்னு சொல்லலாம். உன் செடி அதுல இல்ல. என்னைக்குமே இருந்ததில்ல. உன் அப்பா செத்த வருஷம் நீ வாசல்ல வந்து நின்ன, கையில அந்தச் செடியோட, ஏதாவது வேல குடுங்கன்னு. அப்ப இருந்த சாமியாரு வாங்கிக்கச் சொன்னாரு. விருந்தாளிங்க படுக்கிற மெத்தையில பூச்சி வராம இருக்க அதத்தான் தூவுறோம். அது நல்ல வேலதான். ஆனா பச்சை இல்ல." அவர் கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. "அவன் தன்னோட பச்சைய வீடு வீடாக் காய்ச்சி ஊத்தியிருந்தாலும் எங்களுக்கு ஒண்ணும் போயிருக்காது. நீ எதுக்காகடா ஒரு மனுஷனக் கொன்ன?"

அடுத்த ஞாயிறு வரை நேரம் கொடுத்தார். அதற்குள் நான் உங்களிடம் வராவிட்டால் அவரே வருவேன் என்றார். அவர் மடத்தை விட்டு இறங்கி முப்பது வருஷமாகிறது. அவரை அலைய விடக் கூடாது என்று நானே வந்தேன்.

குளோவிஸ் ராவியே குடித்த ஜாடியில் வெராத்ர் வேர் வந்தது என் கையால், தெரிந்தே. ஓடில் ராவியேவிடம் சர்க்கரைக் கிண்ணத்தைத் தள்ளியது என் கை, தெரிந்தே. கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

சகோதரர் எலுவா சொன்னதை அவர் உங்களிடமும் சொல்வார். மெத்தை, பூச்சி என்றெல்லாம் சொல்வார். அழுதுகொண்டே சொல்வார், நீங்கள் நம்பிவிடுவீர்கள். நம்புங்கள், பரவாயில்லை. எதிரில் நிற்பவன் கொலைகாரன் என்று தெரிந்த பிறகும், கண்ணில் தண்ணீரோடு, ரகசியத்தை விட்டுக் கொடுக்காமல் ஒரு மனிதர் பொய் சொல்கிறார் என்றால் அது எப்பேர்ப்பட்ட ரகசியமாக இருக்க வேண்டும். நான் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஒரு விஷயம்தான் மிச்சம். ஜூன் கடைசியில் அந்தச் சரிவுக்குப் போக ஆளில்லை. இப்போது பீப்பாயில் இருப்பது இன்னும் சில வருஷத்துக்கு வரும், அதுவரை ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு வருவதை ஒரு கிளாஸ் ஊற்றி, பனிக்கட்டி போடாமல், மெதுவாகக் குடித்து மூச்சை விட்டுப் பாருங்கள், ஐயா. கடைசியில் ஏதோ ஒன்று இல்லாமல் இருக்கும்.